காட்டுகிறவன் ஏன் காட்டுகிறான்? தேர்வறை உதவி பற்றி ஒரு விவாதம்

கரும்பலகை:

காப்பி அடிக்கிற பிள்ளையைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. பயம், சோம்பல், மார்க் ஆசை, வீட்டு நெருக்கடி என்று காரணங்கள் எல்லாருக்கும் தெரியும். என் கேள்வி வேறு. தாளைச் சற்றுத் திருப்பி வைத்துக் காட்டுகிறானே, அவனுக்கு என்ன கிடைக்கிறது? ராத்திரி கண் விழித்துப் படித்தவன் அவன். மாட்டினால் தண்டனை அவனுக்கும் உண்டு. ரேங்க் போடுகிற வகுப்பாக இருந்தால் அவன் இடமே கீழே இறங்கலாம். அப்படியும் காட்டுகிறான்.

இந்தக் கேள்வி வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது. சமீபத்தில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு கணக்கில் 0.064 வர வேண்டிய இடத்தில் 0.046 என்று இருந்தது. கை தவறி எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறான் என்று நினைத்து அரை மார்க் குறைத்தேன். நாலு தாள் தள்ளி மறுபடியும் 0.046. அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. மொத்தம் நாலு பேர். ஐந்தாவதாக ஒரு தாள் வந்தது. அதிலும் 0.046தான், ஆனால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து மேலே 0.064 என்று திருத்தியிருந்தது. எங்கிருந்து எங்கே போயிருக்கிறது என்று அந்த ஒற்றைக் கோடு சொல்லிவிட்டது.

அந்தப் பையனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். மறுக்கவில்லை. என்ன தண்டனை, வீட்டுக்குச் சொல்வீர்களா என்று எதுவும் கேட்கவில்லை. "கடைசி அஞ்சு நிமிஷத்துலதான் சார் தப்பு தெரிஞ்சுது. என்னோடதைத் திருத்திட்டேன். அவங்ககிட்ட சொல்ல முடியல. வேணும்னே சொல்லாம விட்டேன்னு நினைக்கிறாங்க. மூணு நாளா யாரும் பேசல" என்று சொல்லி அழுதான்.

இருபது வருடம் வகுப்பெடுத்தும் எனக்கு இது புரிந்திருக்கவில்லை. நான் கொடுக்கப்போகும் தண்டனை அவனுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவன் ஏற்கெனவே வேறொரு தண்டனையில் இருந்தான். காட்டியவர்கள், கேட்டவர்கள், மறுத்தவர்கள் யாராக இருந்தாலும் மனம் விட்டு எழுதுங்கள். யாரையும் திட்ட இந்த இழையைத் தொடங்கவில்லை.

கடைசிவரிசை:

சார், நான் இப்போது கல்லூரியில் இருக்கிறேன். வாங்கியும் இருக்கிறேன், கொடுத்தும் இருக்கிறேன். எங்களுக்குள் இதற்கு 'காப்பி' என்கிற பேரே கிடையாது. "எனக்குக் கொஞ்சம் காட்டுடா" என்பதோடு சரி. கேட்கிறவன் அதை ஒரு பெரிய விஷயமாகவே கேட்பதில்லை. பேனா கேட்கிற மாதிரிதான் கேட்பான். அதனால் முடியாது என்று சொல்கிறவன்தான் விஷயத்தைப் பெரிதாக்கியவன் ஆகிவிடுகிறான்.

இன்னொன்று, இதைத் தேர்வறையை மட்டும் வைத்துப் பார்க்காதீர்கள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது ரெக்கார்டு நோட்டை எழுதிக் கொடுத்தவன் ஒருவன். வர முடியாத நாளில் ப்ராக்ஸி கொடுத்தவன் ஒருவன். லேப்பில் என் சர்க்யூட் வேலை செய்யாமல் நின்றபோது தன் நேரத்தை விட்டுவிட்டு வந்து பார்த்தவன் ஒருவன். இந்த மூன்று பேரில் யாராவது தேர்வன்று பின்னால் உட்கார்ந்து நாற்காலிக் காலைத் தட்டினால் நான் எப்படித் திரும்பாமல் இருப்பது? செஞ்சோற்றுக் கடன் என்கிறோமே, அதுதான் இது. யாரும் கணக்கு எழுதி வைப்பதில்லை. ஆனால் எல்லாருக்கும் கணக்கு தெரியும்.

நிழல்மரம்:

கரும்பலகை சார், உங்கள் பையனைப் பற்றிப் படித்ததும் சற்று நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நான் அந்த இடத்தில் இருந்தவள்.

ஒன்பதாம் வகுப்பில், வருடத்தின் நடுவே புதுப் பள்ளியில் சேர்ந்தேன். எல்லாருக்கும் ஏற்கெனவே ஒரு கேங் இருந்தது. என் பேச்சு வேறு மாதிரி இருந்ததால் நான் வாயைத் திறந்தால் சிரிப்பார்கள். இரண்டு மாதம் இடைவேளையில் தனியாகத்தான் நின்றேன். முதல் இடைத்தேர்வில் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள் தலையைத் திருப்பாமல் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அந்த வகுப்பில் ஒருத்தி என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு மார்க் கேள்வி, எட்டாவது. மேசையில் விரலால் மூன்று தட்டு தட்டினேன், மூன்றாவது விடை என்பதற்காக. மறுநாள் இடைவேளையில் அவள் என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

அது தப்பா சரியா என்று அன்றைக்கு யோசித்திருப்பேன் என்றா நினைக்கிறீர்கள்? எனக்கு ஒரு இடம் கிடைத்தது, அவ்வளவுதான். அப்புறம் பொதுத்தேர்வு வரை தட்டிக்கொண்டே இருந்தேன். கூடவே ஒரு பயமும் இருந்தது. எனக்கே விடை தெரியாத கேள்வி வந்துவிட்டால் என்ன செய்வது? அவர்களுக்காகவும் சேர்த்துப் படித்தேன். மார்க் குறைந்துவிடும் என்று அல்ல, அந்த இடம் போய்விடும் என்று.

பொதுத்தேர்வின் கடைசித் தாள் முடிந்த நாள், எல்லாரும் எங்கோ போகத் திட்டமிட்டிருந்தார்கள். என்னிடம் யாரும் சொல்லவில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு என்னைத் தேர்வோடு சேர்த்துத்தான் தெரியும். தேர்வு முடிந்துபோயிற்று.

எண்சுவடி:

கல்வி உளவியலில் ஆய்வு செய்கிறேன். மேலே நீங்கள் மூவரும் சொன்னதை ஆய்வுகளும் வெகுநாளாகவே சுற்றி வந்திருக்கின்றன.

1928இல் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் ஏறத்தாழ 11,000 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். ஏமாற்றுகிற பிள்ளை, ஏமாற்றாத பிள்ளை என்று இரண்டு சாதி இருக்கும் என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்திருப்பார்கள். அப்படி அமையவில்லை. ஒரு சூழலில் நேர்மையாக நடந்த பிள்ளையே இன்னொரு சூழலில் ஏமாற்றியது. 1964இல் பவர்ஸ் என்பவர் அமெரிக்காவில் 99 கல்லூரிகளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்டார். நாலில் மூன்று பேர் ஒரு தடவையாவது முறைகேடு செய்ததாக ஒப்புக்கொண்டார்கள். 1993இல் மெக்கேபும் ட்ரெவினோவும் 31 கல்லூரிகளில் செய்த ஆய்வில், மாணவன் முறைகேடு செய்வானா என்பதோடு மிக நெருக்கமாக ஒட்டி வந்தது 'மற்றவர்கள் செய்கிறார்கள்' என்கிற அவனுடைய எண்ணம். தண்டனையின் கடுமை அந்த அளவுக்கு ஒட்டி வரவில்லை.

கடைசிவரிசை சொன்ன கடனுக்கு வருகிறேன். சைக்ஸ், மாட்ஸா என்ற இரண்டு சமூகவியலாளர்கள் 1957இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தப்பு செய்கிற இளைஞர்கள் 'தப்பே இல்லை' என்று சொல்வதில்லை, தப்பு என்று ஏற்றுக்கொண்டே தங்களை விலக்கிக்கொள்ள ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்றார்கள். ஐந்து வழிகளை அடையாளம் கண்டார்கள். கடைசி வழி, இதைவிடப் பெரிய விசுவாசம் ஒன்று எனக்கு இருக்கிறது என்பது. சட்டத்துக்கும் நண்பனுக்கும் நடுவில் நின்று நண்பனைத் தேர்ந்தெடுப்பது. வாங்குகிறவனுக்கு வேறு சமாதானங்கள் வேண்டியிருக்கும், கேள்வித்தாள் கடினம், ஆசிரியர் நடத்தவில்லை என்பது போல. கொடுக்கிறவனுக்கு இது ஒன்றே போதும். அதனால் அவன் மனசாட்சி அவனை உறுத்துவதில்லை. கொடுக்காமல் இருந்தால்தான் உறுத்துகிறது. நம் அறிவுரைகள் அவனிடம் எடுபடாமல் போவதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நேர்மையாக இரு என்கிறோம். நான் என் நண்பனுக்கு நேர்மையாகத்தானே இருக்கிறேன் என்று அவன் உள்ளுக்குள் பதில் சொல்லிக்கொள்கிறான்.

நேர்கோடு:

எல்லாம் படித்தேன். மனம் இளகத்தான் செய்கிறது. ஆனால் அந்த அறையில் இன்னொரு பிள்ளையும் இருந்ததே, அவளைப் பற்றி யாருமே ஒரு வரி எழுதவில்லை.

யாரிடமும் கேட்காமல், யாருக்கும் காட்டாமல், தெரிந்ததை எழுதிவிட்டு வெளியே வந்தவள். 62 மார்க் வாங்கினாள். பின்னால் மூன்று பேர் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டு 80 வாங்கினார்கள். வடிகட்டும் தேர்வாக இருந்திருந்தால் அவள் வெளியே நின்றிருப்பாள். அந்தப் பிள்ளை என் மகள். வீட்டுக்கு வந்து, "நான் மட்டும்தான்மா முட்டாள் மாதிரி எழுதினேன்" என்றாள். நட்பு, விசுவாசம், கடன் என்று எத்தனை நல்ல பெயர் வைத்தாலும் அந்த நட்புக்கு விலை கொடுத்தது நட்பு வட்டத்துக்கு வெளியே இருந்தவள். உங்கள் பாசம் அவளுக்கு ஏன் கிடைக்கவில்லை?

கடைசிவரிசை:

நேர்கோடு அம்மா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையில் நாங்கள் அப்படி யோசித்ததே கிடையாது. எங்களுக்கு எதிர்ப்பக்கம் இருந்தது கேள்வித்தாளும் சூப்பர்வைசரும்தான். வகுப்பு முழுவதும் ஒரே கட்சி என்ற நினைப்பு. அந்தக் கட்சியில் உங்கள் மகளும் இருப்பதாகத்தான் நினைத்திருப்போம். கேட்டிருந்தால் அவளுக்கும் காட்டியிருப்போம். கேட்க விரும்பாத ஒருத்தி இருக்கலாம் என்பது தோன்றவே இல்லை. இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

பகல்விளக்கு:

இந்த இழையில் காட்டுகிறவர்கள் எல்லாம் பாவப்பட்டவர்களாகவும் நல்லவர்களாகவும் இருக்கிறார்கள். இன்னொரு வகையும் உண்டு, ஏனென்றால் நான் அந்த வகை.

விளையாட்டில் எனக்கு ஒன்றும் வராது. அணி பிரிக்கும்போது கடைசியாகத்தான் என்னை எடுப்பார்கள், அதுவும் வேண்டாவெறுப்பாக. படிப்பு வரும். தேர்வு நெருங்கினால் அதே ஆட்கள் என்னைச் சுற்றி நிற்பார்கள். நான் முழங்கையைத் தாளின் மேல் வைத்திருப்பேன். யாருக்குக் காட்ட நினைக்கிறேனோ அவன் பக்கம் முழங்கையைச் சற்று இழுப்பேன். அந்த ஒரு அங்குலம் என் கையில் இருந்தது. என்னைக் கிண்டல் செய்தவன் பக்கம் அதை நகர்த்தவே மாட்டேன். அவன் இரண்டு தடவை இருமுவான், கேட்காத மாதிரி எழுதிக்கொண்டிருப்பேன். அடுத்த வாரம் அவன் என்னிடம் மரியாதையாகப் பேசுவான்.

இதை உதவி என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அவன் என்னைச் சார்ந்து இருக்க வேண்டும் என்பதுதான் என் தேவை. அவன் தானாகப் படித்துத் தேறியிருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். இன்று நினைக்கும்போது மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தது பெரிதாகத் தெரியவில்லை, அந்த வருத்தம்தான் நெஞ்சில் நிற்கிறது.

கரும்பலகை:

இதை எழுதுவதற்கு எத்தனை தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும். நன்றி பகல்விளக்கு.

ஒரு யோசனை. பார்த்தவர்கள் வந்து சொன்னால் அவர்களுக்குப் பாதுகாப்பு கொடுப்போம் என்று வைத்தால் என்ன? நேர்கோடு அம்மாவின் மகள் போன்ற பிள்ளைகளுக்காவது ஒரு வழி கிடைக்குமே.

எண்சுவடி:

அதை ஒரு விதியாகவே வைத்துப் பார்த்த இடம் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் மாணவர் நெறியில், பொய் சொல்லமாட்டேன், ஏமாற்றமாட்டேன், திருடமாட்டேன் என்பதோடு, அவற்றைச் செய்கிறவனைச் சகித்துக்கொள்ளவும் மாட்டேன் என்று இருக்கிறது. அதாவது தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே குற்றம். அப்படிப்பட்ட இடத்திலேயே 1951இல் ஏறத்தாழ 90 மாணவர்கள் சிக்கினார்கள். அவர்களில் பலர் அமெரிக்கக் கால்பந்து அணியைச் சேர்ந்தவர்கள். முன்னால் தேர்வு எழுதியவர்கள் பின்னால் எழுதப்போகிறவர்களுக்குக் கேள்விகளைச் சொன்னார்கள். மறுபடி 1976இல், மின் பொறியியல் பாடத்தில் தனியாகச் செய்ய வேண்டிய பயிற்சியைச் சேர்ந்து செய்ததாக 150க்கும் மேற்பட்டவர்கள் வெளியேற நேர்ந்தது. பெரும்பாலோர் பிறகு திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். யோசித்துப் பாருங்கள். உன் தோழனுக்காக உயிரைக் கொடு என்று பகலெல்லாம் பயிற்சி கொடுக்கிறோம். மாலையில், உன் தோழனைப் பற்றி வந்து சொல் என்கிறோம்.

இதையே நேராகக் கேட்ட ஆய்வு ஒன்று 2002இல் வந்தது. மாக்னஸ் என்பவரும் அவரது சகாக்களும் ரஷ்யா, நெதர்லாந்து, இஸ்ரேல், அமெரிக்கா ஆகிய நாடுகளின் மாணவர்களிடம் ஒரு சம்பவத்தைச் சொன்னார்கள். ஒருவன் பார்த்து எழுதுகிறான், ஒருவன் சம்மதித்துக் காட்டுகிறான், மூன்றாமவன் போய்ப் புகார் சொல்கிறான். மூவரைப் பற்றியும் என்ன நினைக்கிறீர்கள்? நாட்டுக்கு நாடு பதில் வெகுவாக மாறியது. ரஷ்ய மாணவர்கள் முறைகேட்டை மிக அதிகமாகப் பொறுத்துக்கொண்டார்கள், அமெரிக்க மாணவர்கள் மிகக் குறைவாக. காட்டுவது எவ்வளவு பெரிய தப்பு என்பதை அவரவர் வளர்ந்த இடமே எடுத்துக் கொடுக்கிறது.

நம் மொழியில் காட்டிக்கொடுத்தவனுக்கு எட்டப்பன் என்று ஒரு பெயர் தயாராக இருக்கிறது. காட்டியவனுக்கு அப்படி ஒரு வசைச்சொல் இருக்கிறதா? எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. புகார் சொல்லும் வழியைத் திறந்து வைத்தாலும், அந்தப் பெயரைச் சுமக்க எந்தப் பிள்ளை வரும்?

மழைத்துளி:

நான் மறுத்தவள். அதையும் யாராவது எழுத வேண்டும் இல்லையா.

பன்னிரண்டாம் வகுப்பில், நெருங்கிய தோழியிடம் தேர்வுக்கு முந்தின நாளே சொல்லிவிட்டேன், இந்தத் தடவை என்னால் காட்ட முடியாது, எனக்குக் கை நடுங்குகிறது என்று. அவள் சிரித்துக்கொண்டே சரி என்றாள். மறுநாள் தேர்வில் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை. அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் புதிதாக ஒரு குரூப் தொடங்கினார்கள். நான் அதில் இல்லை. பழைய குரூப்பில் என்னைத் தவிர யாரும் எதுவும் போடாமல் போனபோதுதான் புரிந்தது.

வாக்குவாதம் எதுவும் நடக்கவில்லை, யாரும் திட்டவும் இல்லை. ஆனால் 'பெரிய யோக்கியம்' என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னது காதில் விழுந்தது. நான் ஒருபோதும் அவர்களைத் தப்பானவர்கள் என்று சொன்னதில்லை. மறுத்தாலே அப்படிச் சொன்னதாக ஆகிவிடுகிறது. நான் நேர்மையாக இருக்க விரும்பினேன் என்றால், அவர்கள் நேர்மையில்லாதவர்கள் என்று தீர்ப்புச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள்.

கல்லூரியில் தேர்வுக்கு ஏ, பி, சி, டி என்று நாலு செட் கேள்வித்தாள் வந்தது. பக்கத்தில் இருப்பவளுக்கு வேறு செட். எல்லாரும் எரிச்சலானார்கள். எனக்கு மட்டும் உடம்பே லேசான மாதிரி இருந்தது. "என்னோடது சி செட்" என்று சொல்லிவிட்டால் போதும். நான் மறுக்கவில்லை, தாள்தான் மறுத்தது. யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. நாலு வருடமும் எனக்குத் தோழிகள் இருந்தார்கள்.

அந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் காப்பி அடிக்கிறவர்களைத் தடுப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். உண்மையில் அவர்கள் காப்பாற்றியது என்னை.

நேர்கோடு:

மழைத்துளி, உன் பதிவை என் மகளுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. பதிவை இன்னொரு தடவை தானே வாங்கிப் படித்தாள்.

நான் முதலில் எழுதியதிலிருந்து பின்வாங்கவில்லை. வெளியே நிற்கிற பிள்ளைக்கு நடப்பது அநியாயம்தான். ஆனால் காட்டுகிறவர்களில் பாதிப் பேர் காட்ட விரும்பாதவர்களாக இருக்கலாம் என்பது எனக்கு இன்றுதான் உறைக்கிறது.

நிழல்மரம்:

எனக்கு ஒன்று தோன்றுகிறது. செட் மாற்றுவதும், இடம் மாற்றுவதும் மழைத்துளி போன்றவர்களைக் காப்பாற்றும். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் தனியாக நின்ற நான்? எனக்கு அந்தத் தட்டுதல் தவிர உள்ளே நுழைய வேறு வாசல் இல்லை. அதையும் அடைத்திருந்தால் தேர்வு சுத்தமாக நடந்திருக்கும், நான் இன்னும் தனியாகத்தான் நின்றிருப்பேன். பகிர்ந்துகொள்வதற்கு ஒரு நல்ல இடத்தை யாராவது ஏற்படுத்திக் கொடுத்திருந்தால்?

எண்சுவடி:

அப்படிச் செய்தவர்கள் உண்டு. எலியட் அரோன்சன் என்ற உளவியலாளர் 1971இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில், வெவ்வேறு இனப் பிள்ளைகள் புதிதாக ஒன்றாகப் படிக்கத் தொடங்கிய வகுப்புகளில் ஒரு முறையைக் கொண்டுவந்தார். பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிடுவார்கள். மற்றவன் துண்டை அவன் வாயிலிருந்து கேட்டால்தான் முழுப் பாடமும் கிடைக்கும். அதனால் எல்லாரும் ஒதுக்கிய பிள்ளையின் பேச்சையும் காது கொடுத்துக் கேட்டாக வேண்டியிருந்தது. நீங்கள் ஒன்பதாம் வகுப்பில் விரலால் தட்டிச் சொன்னதை அங்கே வாய் திறந்து சொல்லியிருப்பீர்கள்.

ஹார்வர்டில் எரிக் மஸூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990களிலிருந்து வகுப்பின் நடுவிலேயே கேள்வி கேட்டு, முதலில் தனியாக விடை சொல்ல வைத்து, பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் வாதாடச் சொல்கிறார். அதன் பிறகு மறுபடி விடை சொல்ல வேண்டும். சிலர் தேர்வையே இப்படி இரண்டு கட்டமாக வைக்கிறார்கள். முதலில் தனியாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும், பிறகு அதே கேள்விகளைக் குழுவாக உட்கார்ந்து எழுத வேண்டும். இரண்டுக்கும் மார்க் உண்டு, தனியாக எழுதியதற்குக் கூடுதலாக.

எது சேர்ந்து செய்வது, எது தனியாகச் செய்வது என்பது மாணவர்கள் மனதில் தெளிவாகப் பதியாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் அதே ஹார்வர்டில் உதாரணம் உண்டு. 2012இல் ஒரு பாடத்தின் தேர்வை வீட்டில் எழுதச் சொன்னார்கள். புத்தகம், குறிப்பு, இணையம் எல்லாம் பார்க்கலாம், மற்றவரோடு மட்டும் பேசக் கூடாது. 279 பேர் இருந்த வகுப்பில் ஏறத்தாழ 125 பேர் மேல் விசாரணை வந்தது.

கரும்பலகை:

எல்லாருக்கும் நன்றி. நான் என்ன செய்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

ஐந்து பேருக்கும் அந்தக் கணக்கின் மார்க்கை எடுத்துவிட்டேன், காட்டியவனையும் சேர்த்து. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதன் பிறகு ஐந்து பேரையும் ஒன்றாக உட்கார வைத்து, அந்த ஒற்றைக் கோடு போட்ட தாளை நடுவில் வைத்தேன். எந்த இடத்தில் எண் மாறியது என்று அவனையே விளக்கச் சொன்னேன். முதலில் யாரும் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் மூன்றாவது வரிக்கு வந்தபோது ஒருவன், "இங்க நீ எப்படிக் கண்டுபுடிச்ச?" என்று கேட்டான். மூன்று நாளுக்குப் பிறகு அவனிடம் பேசிய முதல் பேச்சு அது. அதன் பிறகு நால்வரும் சேர்ந்து கேட்க ஆரம்பித்தார்கள். நான் சற்றுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த தேர்வுக்கு நாலு செட் தயார் செய்துகொண்டிருக்கிறேன். இடத்தையும் மாற்றப் போகிறேன் என்று வகுப்பில் சொன்னேன். அன்று மாலை அந்தப் பையன் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். முன்வரிசை கிடைக்குமா என்று கேட்டான். சரி என்றேன். போனவன் பாதியில் திரும்பி வந்தான்.

"நீங்களா மாத்தின மாதிரியே இருக்கட்டும் சார். நான் கேட்டேன்னு தெரிய வேண்டாம்."